செடித்தொட்டியில் அழுத்தக் கரியமில வாயு அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள விடைகள் அனைத்தும் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரமுள்ள, நீர்ச்செடிகளும் மீன்களும் வளரும் ஒரு கண்ணாடித் தொட்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மண்ணும் கல்லும் போக அதில் ஏறக்குறைய 55 லிட்டர் நீர் நிற்கும். தொட்டி இருப்பது சென்னையில், குளிர்சாதனம் இல்லாத ஒரு கூடத்தில். கோடையில் அறை 34, 35 டிகிரி செல்சியஸைத் தொடும், தொட்டி நீர் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். இந்த வெப்பத்தை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் எழுதப்பட்ட கையேடுகள் 22 முதல் 25 டிகிரி வரையிலான அறையைக் கருதுகின்றன. அவற்றில் சொல்லப்படும் சில எண்களும் சில அறிகுறிகளும் நம் ஊரில் வேறு விதமாக நடந்துகொள்கின்றன.

காற்றிலேயே கரியமில வாயு இருக்கும்போது தொட்டிக்குத் தனியாக ஏன் செலுத்த வேண்டும்?

காற்றோடு சமநிலையில் நிற்கும் நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான கரியமில வாயுதான் கரைந்திருக்கும். தாவரத்தின் உலர் எடையில் 40 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு சிறிய கையிருப்பு என்பது விளங்கும். அளவு குறைவு என்பதோடு வேகமும் குறைவு. கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆகவே இலையை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் இருந்த வாயுவை இலை எடுத்துக்கொண்ட பிறகு, அந்த இடம் மீண்டும் நிரம்ப நேரம் பிடிக்கிறது. வலுவான எல்இடி விளக்கைப் போட்டு, உரமும் தாராளமாக ஊற்றி, கார்பனை மட்டும் இந்த நிலையிலேயே விட்டுவிட்டால் செடி நின்றுவிடும், பாசி வளரும். லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை கரியமில வாயுவை நிலையாக வைத்திருப்பதே, சிலிண்டரில் அழுத்தி வைத்த வாயுவைச் செலுத்தும் அழுத்த அமைப்பின் நோக்கம்.

எல்லாச் செடித்தொட்டிகளுக்கும் இது தேவையா?

தேவையில்லை. அனுபியாஸ், ஜாவா பெரணி, கிரிப்டோகோரைன், புசெஃபலாண்ட்ரா போன்றவை மெல்ல வளர்பவை. மிதமான வெளிச்சத்தில் வாயு இல்லாமலேயே ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கும். வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ள வல்லவை. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் அவை செழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தரையில் கம்பளம்போல் படரும் கியூபா, குளோசோஸ்டிக்மா, மாண்டே கார்லோ ஆகியவற்றையும், தென்னிந்தியாவையே தாயகமாகக் கொண்ட ரோட்டாலா மேக்ராண்ட்ரா போன்ற சிவப்புத் தண்டுச் செடிகளையும் வளர்க்க விரும்புகிறவருக்குத்தான் சிலிண்டர் தேவைப்படுகிறது. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஒரு கம்பளச் செடியைப் பார்த்து மயங்கி வாங்கிவந்த பிறகு வாயுவைப் பற்றி யோசிப்பதைவிட, எந்தச் செடி என்பதை முதலில் முடிவு செய்வது பணத்துக்கு நல்லது.

ஈஸ்ட்–சர்க்கரை பாட்டில், சிட்ரிக் அமில உருளை, திரவக் கார்பன் ஆகியவை போதாதா?

ஈஸ்ட் பாட்டிலில் வாயு எப்போது எவ்வளவு வரும் என்பதை ஈஸ்டுதான் தீர்மானிக்கிறது. வெயிலில் பொங்கும், மழைநாளில் தூங்கும், இரவில் நிறுத்தவும் முடியாது. சிறிய தொட்டியில் செடி வளர்ப்பைப் பழகிக்கொள்ள அது உதவும், அவ்வளவே.

சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேரும் எஃகு உருளை நாணயமான மாற்று. 200 கிராம் சமையல் சோடா முழுவதும் வினைபுரிந்தால் சுமார் 105 கிராம் கரியமில வாயு கிடைக்கும். நாளுக்கு 10 கிராம் செலவாகும் 55 லிட்டர் தொட்டிக்கு அது சுமார் பத்து நாள் வரலாம். அதன்பின் உருளையைத் திறந்து கழுவி மீண்டும் நிரப்ப வேண்டும். சிலிண்டர் நிரப்பும் கடை அருகில் இல்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

திரவக் கார்பன் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியின் நீர்த்த கரைசல். அது பாசியை அடக்கும். நீரில் கரியமில வாயுவின் அளவை 20 மில்லிகிராமுக்கு உயர்த்தும் வேலையை அது செய்வதில்லை; ஆகவே இந்த வரிசையிலேயே அதைச் சேர்க்கக் கூடாது.

அழுத்த அமைப்பில் என்னென்ன பகுதிகள் இருக்கும்?

வாயு செல்லும் பாதையிலேயே சொல்லிவிடலாம். சிலிண்டரிலிருந்து அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், ரெகுலேட்டரோடு இணைந்த, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, அதற்கடுத்து ஓட்டத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வு, பிறகு குமிழி எண்ணும் கண்ணாடிக் குழல், அதன்பின் நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வு, கடைசியில் குழாயின் முனையில் வாயுவை நுண்குமிழிகளாக உடைக்கும் டிஃப்பியூசர். சோலனாய்டை இயக்க ஒரு டைமர். அளவை அறிய டிராப் செக்கர். காற்று பம்புக்குப் பயன்படும் சிலிக்கான் குழாயை இங்கே பயன்படுத்த வேண்டாம். கரியமில வாயு சிலிக்கான் சுவரின் ஊடே கசிந்து வெளியேறும். பாலியூரிதேன் குழாய் கேட்டு வாங்க வேண்டும்.

செக் வால்வை அற்பமாக நினைப்பவர்கள் உண்டு. வாயு நின்றதும் குழாயினுள் அழுத்தம் குறைந்து, தொட்டி நீர் மெல்லப் பின்வாங்கி ஏறும். அது சோலனாய்டுக்குள் போய்விட்டால் ரெகுலேட்டருக்கே செலவு.

எந்த அளவு சிலிண்டர் வாங்கலாம்? பழைய தீயணைப்புச் சிலிண்டரைப் பயன்படுத்தலாமா?

நம் 60 செ.மீ. தொட்டிக்கு 2 கிலோ வாயு கொள்ளும் சிலிண்டர் வசதியானது. இப்படிக் கணக்கிடலாம்: ஒரு குமிழி ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நொடிக்கு இரண்டு குமிழி வீதம் நாளுக்கு 8 மணி நேரத்தில் சுமார் 5.8 லிட்டர் வாயு செலவாகும். அதன் எடை 10 கிராமுக்குச் சற்று மேல். 2 கிலோ ஆறு மாதத்துக்கு மேல் வரும். குமிழியின் அளவு கருவிக்குக் கருவி மாறுவதால் இது மதிப்பீடுதான்.

வாங்கும்போது சிலிண்டரின் தோளில் பொறித்திருப்பதைப் படியுங்கள். வெற்று எடை, நீர்க் கொள்ளளவு, கடைசியாக நீரழுத்தச் சோதனை செய்த தேதி ஆகியவை அதில் இருக்கும். இச்சோதனை ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யப்பட வேண்டும். தேதி அழிந்துபோன, துருவேறிய, மேலே புதிதாக வண்ணம் மட்டும் அடித்த சிலிண்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

தீயணைப்புச் சிலிண்டரைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் குழாய். தீயணைப்பானில் வால்விலிருந்து அடிவரை இறங்கும் ஒரு குழாய் உண்டு. திறந்தவுடன் அடியிலுள்ள திரவம் பீறிட்டு வர வேண்டும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டுள்ளது. நமக்கு வேண்டியது மேலே நிற்கும் வாயு. திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்தால் உறைந்து, உள்ளிருக்கும் கசிவுத்தடுப்பு வளையங்களைக் கெடுத்துவிடும். உரிமம் பெற்ற நிலையத்தில் அந்தக் குழாயை நீக்கி, வால்வை மாற்றி, சோதனையும் செய்து தந்தால் பயன்படுத்தலாம். வீட்டில் பைப் ரெஞ்சை வைத்துக்கொண்டு செய்யும் வேலை அல்ல. சிலிண்டரைப் படுக்க வைத்துப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

ஒற்றை நிலை ரெகுலேட்டர், இரட்டை நிலை ரெகுலேட்டர்: எது?

ஒற்றை நிலையில் சிலிண்டரின் அழுத்தம் ஒரே தாவலில் 2 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவுக்கு இறக்கப்படுகிறது. உள்ளே வரும் அழுத்தம் குறையும்போது வெளியே போகும் அழுத்தம் சற்று உயர்வது அந்த வகையின் இயல்பு. சிலிண்டர் தீரும் தறுவாயில் குமிழிகள் தாமாகவே பெருகி, மீன்களுக்கு ஆபத்தாகலாம். இரட்டை நிலையில் இந்தத் தாவல் இரண்டு படிகளில் நடப்பதால் வெளியேறும் அழுத்தம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும்.

பணம் இருந்தால் இரட்டை நிலை. இல்லையென்றால் நல்ல ஊசி வால்வு கொண்ட ஒற்றை நிலையை வாங்கி, சிலிண்டரின் அழுத்தமானியில் 15 அல்லது 20 பார் வந்ததும் சிலிண்டரை நிரப்பக் கொடுத்துவிடுவது போதும். எனக்குத் தெரிந்தவரை தொட்டியின் அன்றாட நடத்தையைத் தீர்மானிப்பது ஊசி வால்வுதான். மலிவான ஊசி வால்வில் இன்று வைத்த ஓட்டம் நாளை இருக்காது.

மரையையும் பார்த்து வாங்க வேண்டும். இங்கே கிடைக்கும் ரெகுலேட்டர்களில் பல டபிள்யூ 21.8 என்ற மரை கொண்டவை. அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்பட்டவை சிஜிஏ 320 என்ற வேறு மரை கொண்டவை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா. பொருந்தாத மரையை டெஃப்ளான் நாடா சுற்றி வலிந்து முறுக்குவது இந்த அழுத்தத்தில் உயிரோடு விளையாடுவதாகும்.

வெயில் காலத்தில் சிலிண்டர் மானியின் முள் மேலே ஏறுகிறது. பயப்பட வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் குளிர்நாட்டார் அதிகம் கேட்பதில்லை. நாம் கேட்டே ஆக வேண்டும். சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாகவும் அதன்மேல் ஆவியாகவும் இருக்கிறது. திரவம் இருக்கும்வரை அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமே: 20 டிகிரியில் சுமார் 57 பார், 25 டிகிரியில் 64 பார், 30 டிகிரியில் 72 பார். கரியமில வாயுவின் மாறுநிலை வெப்பம் 31.1 டிகிரி. அதற்கு மேல் திரவம், ஆவி என்ற வேறுபாடே இல்லாமல் போகிறது; அதன்பின் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதைச் சிலிண்டரில் எவ்வளவு நிரப்பினார்கள் என்பதே தீர்மானிக்கிறது. சென்னைக் கூடத்தில் சித்திரை, வைகாசியில் மதியவேளையில் நம் சிலிண்டர் இந்த எல்லையைத் தினமும் தாண்டிப் போய் இரவில் திரும்புகிறது.

முறையாக நிரப்பிய சிலிண்டரில் 35 டிகிரியில் முள் 80 பாரைத் தாண்டுவது இயல்பு. நல்ல சிலிண்டர் இதைவிட மிக அதிகமான அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டது. கவலைக்குரியது அளவுக்கு மேல் நிரப்பிய சிலிண்டர். நீர்க் கொள்ளளவு லிட்டருக்கு மூன்றில் இரண்டு கிலோ என்பது வெப்ப நாட்டுக்கு ஏற்ற வரம்பு. அதாவது 3 லிட்டர் சிலிண்டரில் 2 கிலோ. அதற்கு மேல் திணித்தால், வெப்பம் ஏறும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் செங்குத்தாக உயரும். வால்விலுள்ள பாதுகாப்புத் தகடு வெடித்து வாயு முழுவதும் வெளியேறும். நிரப்பிய சிலிண்டரைப் பூட்டிய காரில் வெயிலில் விட்டுவிட்டு ஜவுளிக்கடைக்குள் போகக் கூடாது. வீட்டிலும் மேற்குப் பார்த்த சன்னல் ஓரமும் குளிர்பதனப் பெட்டியின் பின்புறமும் அதற்கு ஏற்ற இடங்கள் அல்ல.

வாயு எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதை மானி காட்டுமா?

திரவம் இருக்கும்வரை காட்டாது. 25 டிகிரி அறையில் முழுச் சிலிண்டரும் 64 பார் காட்டும், பாதிச் சிலிண்டரும் 64 பார் காட்டும். முள் நிலையாக இறங்கத் தொடங்கினால் திரவம் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

அப்போது இன்னும் சில நாட்களே என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன்; கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 25 டிகிரியில் கடைசித் துளி திரவம் ஆவியாகும் வேளையில், ஒவ்வொரு லிட்டர் இடத்திலும் ஏறக்குறைய கால் கிலோ ஆவி இருக்கிறது. 3 லிட்டர் சிலிண்டரில் அது 700 கிராமுக்கு மேல். நாளுக்கு 10 கிராம் செலவு என்றால் இரண்டு மாதத்துக்கு வரும். முள் இறங்கத் தொடங்கியதும் பதறி, மூன்றில் ஒரு பங்கு மீதமிருக்கும் சிலிண்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

நம் கோடையில் வெப்பம் 31 டிகிரியைத் தாண்டி ஏறி இறங்குவதால் முள்ளும் கூடவே ஆடும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. சிலிண்டரை எடை பார்ப்பதுதான் நம்பகமான வழி. ரெகுலேட்டரைக் கழற்றி எடை போட்டு, தோளில் பொறித்த வெற்று எடையைக் கழித்தால் மீதம் தெரிந்துவிடும்.

முதல் முறை பொருத்தும்போது எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

சிலிண்டரை நிற்க வைத்து, தொட்டி மேசையின் காலோடோ சுவரிலுள்ள கொக்கியோடோ பட்டையால் கட்டுங்கள். விழுந்து வால்வு உடைந்த சிலிண்டர் ஏவுகணைபோல் பாயும். வால்வின் வாயிலுள்ள தூசியைத் துடைத்து, நைலான் வாஷரை வைத்து, ரெகுலேட்டரைக் கையால் முடிந்தவரை முறுக்கியபின் ஸ்பேனரால் இறுக்குங்கள்.

இனி வரும் வரிசை முக்கியம். சிலிண்டரைத் திறக்குமுன் ரெகுலேட்டரின் அழுத்தக் குமிழை (கையால் திருகும் பிடியை) தளர்த்திவிட வேண்டும். ஊசி வால்வு மூடியிருக்க வேண்டும். மானிகளின் கண்ணாடிக்கு நேராக முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நின்று, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்துவிடுங்கள். பிறகு அழுத்தக் குமிழைச் சிறிது சிறிதாகத் திருகி, வேலை அழுத்தத்தை 2 பார் அளவுக்குக் கொண்டுவாருங்கள். சோலனாய்டுக்கு மின்சாரம் கொடுத்து, அதன்பின் ஊசி வால்வை ஒரு மயிரிழை திறந்தால் குமிழி எண்ணும் குழலில் முதல் குமிழி வரும். பீங்கான் வட்டில் கொண்ட டிஃப்பியூசரில் அழுத்தம் சேர்ந்து நுண்குமிழிகள் கிளம்பச் சில நிமிடங்கள் ஆகும். வரவில்லையே என்று ஊசி வால்வை மேலும் திறந்துவிடக் கூடாது.

கசிவைச் சோப்பு நீரால் ஒவ்வோர் இணைப்பிலும் தடவிப் பாருங்கள். அத்துடன் நில்லாமல், அன்றிரவு சோலனாய்டு மூடியிருக்கையில் சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டு, காலையில் மானியைப் பாருங்கள். அறை வெப்பம் மாறாத அளவில், முள் கணிசமாக இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

நொடிக்கு எத்தனை குமிழி விட வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் இந்தக் கேள்விக்குப் பயனுள்ள விடை இல்லை. குமிழியின் பருமன் கருவிக்குக் கருவி மாறும். டிஃப்பியூசர் எவ்வளவைக் கரைக்கிறது, நீர்மேற்பரப்பு எவ்வளவு அசைகிறது என்பவை அதைவிட மாறும். அடுத்த வீட்டுத் தொட்டியில் இரண்டு குமிழி போதும் என்பதால் நம் தொட்டிக்கும் போதும் என்று ஆகாது. குமிழி எண்ணிக்கை, நேற்று வைத்த ஓட்டமே இன்றும் இருக்கிறதா என்று சரிபார்க்க மட்டும் உதவும். நம் தொட்டிக்கு நொடிக்கு ஒரு குமிழியில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சிறிது கூட்டி, கீழே வரும் இரண்டு சோதனைகளையும் மீன்களின் நடத்தையையும் பார்த்து நிறுத்துங்கள். விடுமுறை நாளில், வீட்டில் இருக்கும்போது மட்டுமே கூட்டுங்கள். கூட்டிவிட்டு அலுவலகம் போனவர்கள்தான் மாலையில் மீன்களை இழக்கிறார்கள்.

டிராப் செக்கர் எப்படி வேலை செய்கிறது? எந்த நிறம் சரி?

தொட்டிக்குள் தலைகீழாகத் தொங்கும் சிறு கண்ணாடிக் கிண்ணம் அது. உள்ளே கார்பனேட் கடினத்தன்மை (நீரிலுள்ள பைகார்பனேட்டின் அளவு; இதன் அலகும் டிகிரிதான், வெப்ப டிகிரி அல்ல) சரியாக 4 டிகிரி உள்ள கரைசலும் புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டியும் இருக்கும். தொட்டி நீருக்கும் கரைசலுக்கும் இடையே காற்று இடைவெளி. அதன் வழியாக வாயு மட்டும் கடந்து வந்து கரைசலின் நிறத்தை மாற்றும். நீலம் என்றால் குறைவு, வெளிர்பச்சை என்றால் 30 மில்லிகிராம் சுற்றுவட்டாரம், மஞ்சள் என்றால் அதிகம்.

தொட்டி நீரையே கிண்ணத்தில் ஊற்றுவது பயனற்றது. கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில்தான் செய்ய வேண்டும்: ஒரு லிட்டருக்கு 0.12 கிராம் சமையல் சோடா. இவ்வளவு சிறிய எடையை வீட்டுத் தராசில் அளக்க முடியாது என்பதால், 1.2 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் ஒரு பங்கோடு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரைச் சேர்க்கலாம். பேட்டரிக்கு விற்கும் நீர் கனிமம் நீக்கப்பட்டது என்றால் அதுவும் போதும்.

நிறம் மாற ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே டிராப் செக்கர் இப்போது காட்டுவது சற்று முந்தைய தொட்டியின் நிலை. மீன் தவிக்கும்போது பச்சையாகத்தானே இருக்கிறது என்று அதை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் மிகவும் கடினமானது. அதில் வாயு கரையாதா?

நன்றாகவே கரையும். கார்பனேட் கடினத்தன்மை வாயு கரைவதைத் தடுப்பதில்லை. பிஹெச், அதாவது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், எந்த அளவில் போய் நிற்கும் என்பதையே மாற்றுகிறது. கடினத்தன்மை 4 டிகிரி உள்ள நீரில் 30 மில்லிகிராம் வாயு இருந்தால் பிஹெச் 6.6, 12 டிகிரி உள்ள நீரில் அதே 30 மில்லிகிராமுக்குப் பிஹெச் 7.1 அருகில் நிற்கும். செடிக்குக் கிடைக்கும் வாயு இரண்டிலும் ஒன்றே. பிஹெச் 7க்குக் கீழே வரவில்லை என்று கடின நீரில் வாயுவைக் கூட்டிக்கொண்டே போவது மீன்களைக் கொல்லும்.

இதனால் பிஹெச்சின் தனி எண்ணைவிட அது எவ்வளவு இறங்கியது என்பதைப் பார்ப்பது நல்லது. காலையில் வாயு தொடங்குமுன் ஓர் அளவு, விளக்கு எரியத் தொடங்கும்போது ஓர் அளவு. இடையில் ஒரு புள்ளி இறங்கியிருந்தால் வாயு பத்து மடங்காகியிருக்கிறது. மீன்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளும் இரவெல்லாம் மூச்சு விடும் தொட்டியில் காலையில் 2, 3 மில்லிகிராம் இருப்பது வழக்கம் என்பதால், பத்து மடங்கு என்றால் 20, 30 என்ற இலக்குக்கு வந்து சேர்கிறோம். இரவெல்லாம் காற்றுக் கல் (காற்று பம்பின் காற்றைக் குமிழிகளாக விடும் கல்) ஓடிய தொட்டியில் தொடக்க அளவு அரை மில்லிகிராமுக்கு அருகில் இருக்கும். அங்கே ஒரு புள்ளி போதாது. இந்த விதியை மந்திரமாகச் சொல்பவர்கள் தொடக்க அளவைச் சொல்வதில்லை.

கடினத்தன்மைக்கும் பிஹெச்சுக்கும் போட்ட அட்டவணையை, அமிலத்தன்மை கொண்ட சிறப்பு மண் உள்ள தொட்டியில் அப்படியே நம்ப முடியாது. மண்ணிலிருந்து கசியும் பிற அமிலங்களும் பிஹெச்சை இறக்குவதால் அட்டவணை உண்மையைவிட அதிகமான வாயுவைக் காட்டும்.

எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது?

விளக்கு எரியும் நேரம் 6 முதல் 8 மணி வரை. வாயுவை விளக்குக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கி, விளக்கு அணைய ஒரு மணி நேரம் இருக்கும்போது நிறுத்தலாம். சரியான நேரத்தை உங்கள் தொட்டியே சொல்லும்: விளக்கு எரிந்தபின்னும் பிஹெச் 0.2, 0.3 என்று தொடர்ந்து இறங்கினால் வாயுவை இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். விளக்கு எரியும் முதல் நிமிடத்திலிருந்தே வாயு முழு அளவில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த முழு அமைப்பிலும் நான் பெரிதாக நினைப்பது. மதியம் 40 மில்லிகிராமுக்கு ஏறி காலையில் 8 மில்லிகிராமில் நிற்கும் தொட்டியைவிட, தொடக்கம் முதல் முடிவுவரை 20 மில்லிகிராமில் நிற்கும் தொட்டி நன்றாக இருக்கும்.

இரவில் செடிகளும் மூச்சுதான் விடுகின்றன. அப்போது வாயு வீண், ஆபத்தும்கூட.

மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து தவிக்கின்றன. நீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டதா?

நண்பகலில், செடிகளிலிருந்து குமிழ் குமிழாக ஆக்சிஜன் கிளம்பும் தொட்டியிலும் மீன் இப்படித் தவிக்கலாம். கரியமில வாயு நீரில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. நீரில் கரியமில வாயு மிகும்போது, மீனின் இரத்தத்திலுள்ள வாயு செவுள் வழியாக வெளியேற முடியாமல் தேங்குகிறது, இரத்தம் அமிலமாகிறது, அமில இரத்தத்தில் மீனின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் திறனை இழக்கிறது. நீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் உடலுக்குச் சேர்வதில்லை.

உடனே செய்ய வேண்டியவை: வாயுவை நிறுத்துங்கள், ஃபில்டரின் வெளிவாயை மேற்பரப்பு நோக்கித் திருப்புங்கள், காற்றுக் கல்லை ஓட்டுங்கள், குளோரின் நீக்கிய நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். பெரும்பாலான மீன்கள் ஒரு மணி நேரத்துக்குள் தேறிவிடும். மறுநாள் பழைய அளவிலேயே வாயுவைத் தொடங்கக் கூடாது.

நம் ஊர் வெப்பம் இங்கேயும் குறுக்கே வருகிறது. நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் 7.5தான். மீனின் தேவையோ வெப்பத்தோடு கூடுகிறது. ஆகவே கோடையில் 30 மில்லிகிராமைத் துரத்தாமல் 20இல் நிற்பதும், மேற்பரப்பு மெல்ல நெளியும்படி ஃபில்டரை வைத்திருப்பதும் நல்லது. மேற்பரப்பை அசைத்தால் வாயு வீணாகுமே என்று நீரைக் கண்ணாடிபோல் அசைவின்றி வைப்பவர்கள், சில ரூபாய் வாயுவைச் சேமிக்க மீன்களைப் பணயம் வைக்கிறார்கள். இறால்கள் மீன்களைவிட வேகமாகப் பாதிக்கப்படும் என்பதால் இறால் தொட்டியில் இன்னும் குறைவாகவே வையுங்கள்.

மின்வெட்டு வந்தால் என்ன ஆகும்?

நமக்குக் கிடைக்கும் சோலனாய்டுகள் மின்சாரம் நின்றதும் தாமாக மூடிக்கொள்பவை. ஆகவே மின்வெட்டு தன்னளவில் ஆபத்தில்லை. ஆபத்து இன்வெர்ட்டரில் இருக்கிறது. விளக்கு, விசிறிக்கான இன்வெர்ட்டர் இணைப்பில் சோலனாய்டு இருந்து, ஃபில்டர் வேறு இணைப்பில் இருந்தால், மின்வெட்டின்போது நீர் நின்றுவிடும், வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஃபில்டரும் சோலனாய்டும் ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் பெற வேண்டும். முள் வைத்த டைமராக இருந்தால், மின்வெட்டு நேரம் அளவுக்கு அது பின்தங்கிவிடும். வாரம் ஒருமுறை திருத்தாவிட்டால் இரவில் வாயு ஓடும். பேட்டரி உள்ள மின்னணு டைமர் இந்தத் தொல்லையைத் தீர்க்கும்.

டிஃப்பியூசரை எங்கே வைப்பது? எப்படிச் சுத்தம் செய்வது?

தரைக்கு அருகில், ஃபில்டரிலிருந்து வரும் நீரோட்டம் குமிழ்ப் பனியைக் கீழ்நோக்கி அடித்துக்கொண்டு போகும் இடத்தில். ஓட்டமில்லாத மூலையில் வைத்தால் குமிழிகள் நேரே மேலே போய் உடையும். பச்சைப் பாசி படிந்து குமிழிகள் பெருத்தால், வீட்டு வெண்மையாக்கியை நீரில் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, குளோரின் நீக்கி கலந்த நீரில் மீண்டும் ஊறவைத்துப் பொருத்துங்கள். வெண்மையாக்கியோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். பீங்கான் வட்டிலை எதைக் கொண்டும் தேய்க்கக் கூடாது.

வாயு போட்ட பிறகும் கருந்தாடிப் பாசி வருகிறதே?

கருந்தாடிப் பாசிக்கு ஒரே காரணம் என்று எதையும் நிறுவிச் சொல்ல முடியாது. ஆனால் வாயுவின் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தொட்டிகளிலும் ஓட்டம் எட்டாத மூலைகளிலும் அது முதலில் தலைகாட்டுவதைச் செடித்தொட்டி வைத்திருப்போர் பலரும் கண்டிருக்கிறார்கள். ஊசி வால்வு நிலையாக இருக்கிறதா, டிஃப்பியூசர் அடைபட்டிருக்கிறதா, விளக்கு தொடங்கும்போது பிஹெச் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியென்றால் விளக்கு நேரத்தைக் குறையுங்கள். வாயு வந்ததும் வளர்ச்சி வேகமாகி, நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், இரும்பு ஆகியவற்றின் தேவையும் கூடும்; உரம் இல்லாமல் வாயு மட்டும் கொடுத்தால் பழைய இலைகள் மஞ்சளாகி ஓட்டை விழும், அந்த நலிந்த இலைகளில்தான் பாசி ஏறும்.

சிலிண்டர் வீட்டில் இருப்பது மனிதர்களுக்கு ஆபத்தா?

தொட்டியிலிருந்து அன்றாடம் வெளியேறும் 10 கிராம் ஒரு பொருட்டே அல்ல. வீட்டிலுள்ள ஒருவர் மூச்சில் விடுவது அதைப்போல் பல மடங்கு. முழுச் சிலிண்டரும் ஒரேயடியாகக் கசிவது வேறு விஷயம். 2 கிலோ திரவம் 1,100 லிட்டர் வாயுவாக விரியும். மூன்று மீட்டர் நீள, அகல, உயரமுள்ள மூடிய அறையில் அது காற்றின் 4 விழுக்காடு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் எல்லையும் அதுவே. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு என்பதால் தரையில் தேங்கும்; தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு இது முக்கியம். கதவடைத்துக் குளிர்சாதனம் போட்டுத் தூங்கும் அறையில் சிலிண்டர் வைக்க வேண்டாம். காற்றோட்டமுள்ள கூடத்தில் வையுங்கள். ஊருக்குப் போகும்போது சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டுப் போங்கள்.

நிரப்பக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ரெகுலேட்டரைக் கழற்றுமுன் சிலிண்டர் வால்வை மூடி, சோலனாய்டு திறந்திருக்கும் நிலையில் குழாயிலுள்ள வாயு முழுவதும் வெளியேறி இரண்டு மானிகளும் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருங்கள். தொழிற்சாலை வாயு விற்பவர்களும் தீயணைப்பான் நிரப்புபவர்களும் சோடா இயந்திரங்களுக்கு வாயு தருபவர்களும் இதை நிரப்பித் தருவார்கள். உங்கள் சிலிண்டரையே திருப்பித் தருவார்களா, மாற்றுச் சிலிண்டர் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாற்றுச் சிலிண்டர் என்றால் அதன் சோதனைத் தேதியை அங்கேயே படியுங்கள். உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள். வெற்று எடையோடு 2 கிலோ சேர்ந்த எடைக்கு மேல் தராசு காட்டினால், இலவசமாகக் கூடுதல் வாயு கிடைத்தது என்று எடுத்துக்கொண்டு வராமல், மிகுதியை அங்கேயே வெளியேற்றச் சொல்லி வாங்கி வாருங்கள். வீட்டில் பொருத்தும்போது பழைய நைலான் வாஷர் நசுங்கியிருந்தால் புதியதை இடுங்கள். ஊசி வால்வை மூடித் தொடங்கி, குமிழி ஓட்டத்தை முதல் நாள்போல் மீண்டும் படிப்படியாக அமையுங்கள்.